மூன்று கொட்டேஷன்

ஆய்வுக்குக் காசு கேட்டு அனுப்பிய முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது. ஆய்வில் பிழை என்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஓட்டோக் கூலிக்கு மூன்று பேரிடம் விலை கேட்டு வாங்கிய கொட்டேஷன் இணைக்கவில்லையாம்!

நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஏன் இந்த ஆய்வு என்ற பகுதி மட்டும் தானாகவே வந்தது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு என்று எழுதினால் மலையகத்தில் யாருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டும்? மண்சரிவு அபாயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு. சரி, அந்த 75ஐ யார் அளப்பது? தென்மேற்குப் பருவத்தில் ஹட்டனில் ஊற்றும்போது பதுளையில் வெயில் அடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மழைமானி நம் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, என்ன சொல்லும்? அதனால் லயத்துக்கொரு மழைமானி வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளே தினமும் பார்த்துக் குறிக்கட்டும் என்றேன். அதைப் பற்றி ஒரு கேள்வி? மூச்சு இல்லை.

எங்கள் சந்தியில் ஓடுவது ஒரே ஒரு ஓட்டோ. லெட்டர்ஹெட்டில் விலை எழுதித் தரச் சொன்னேன். "என்கிட்ட லைசன்ஸ்தான் இருக்கு தம்பி" என்றார். கொமினிகேஷன் கடைக்குப் போய், அவர் மகள் பெயரில் ஒரு 'ட்ரான்ஸ்போர்ட்' லெட்டர்ஹெட் அடித்தோம். இரண்டாவது, அவருடைய மச்சான். அவர் ஓட்டோவில் எஞ்சினைக் கழற்றி ஆறு மாதம் ஆகிறது, இப்போது உள்ளே கோழி அடை காக்கிறது. மூன்றாமவர் வண்டியை விற்றுவிட்டு ரப்பர் முத்திரையை மட்டும் பத்திரமாக வைத்திருப்பவர்.

மூன்று விலையிலும் குறைந்தது யாருடையது? மச்சானுடையதுதான்! ஓடவே போகாத வண்டிக்கு எவ்வளவு குறைத்துப் போட்டால் என்ன நட்டம்? விதிப்படி குறைந்த விலைக்காரரையே எடுக்க வேண்டும். நான் இனிக் கோழியோடு மலை ஏற வேண்டியதுதான்.

வெற்றிகரமான முன்மொழிவு எழுதுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிக்கும் போயிருந்தேன். நோக்கம் அளக்கக்கூடியதாக இருக்கட்டும், பட்ஜெட்டில் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வேலைத்திட்டத்தில் ஒரு வேலை இருக்கட்டும் என்றார்கள். நல்ல பேச்சு, நல்ல சோறு. கோழியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முன்மொழிவைத் திருப்பி அனுப்பியவர்களுக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது குறைந்த விலையை எடுப்பதானால் 150 சொற்களுக்கு மேற்படாமல் காரணம் எழுத வேண்டுமாம். "வண்டியில் எஞ்சின் இல்லை" என்று எழுதினேன். 147 சொல் மிச்சம். ஆதாரம் இணைக்கவும் என்று பதில் வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். கோழி நேராகக் கமராவைப் பார்க்கிறது.

நேற்று ஓட்டோ அண்ணன் கேட்கிறார்: "காசு வந்தா மச்சானுக்கு ஒரு எஞ்சினும் அதுல போட்டுறலாமா தம்பி?"

சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

அப்புறம், கொமினிகேஷன் கடையில் என் குடையைத் தூக்கிக்கொண்டு போனது யார்? கறுப்புக் குடை, பிடி உடைந்தது. மழையை அளக்கப் போகிறவன் தினமும் நனைந்துகொண்டு திரிகிறேன்.