உண்மை விளக்கம்: கப்பாபைகஸ் பாசியும் பவளப்பாறையும்

“கப்பாபைகஸ் கடற்பாசியை எங்கு வளர்த்தாலும் பவளப்பாறைகள் மீளும், அதன் சாறு ஒன்றே வயலுக்குப் போதும்” என்று பரவும் செய்தியின் முதற்பகுதி தவறானது, இரண்டாம் பகுதி மிகைப்படுத்தப்பட்டது.

பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட இந்தச் சிவப்புப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின்மேல் போர்வைபோலப் படர்ந்து, ஒளியை மறைத்து அவற்றை மடியச் செய்ததை ஆய்வாளர்கள் 2008இல் பதிவுசெய்தனர். வெட்டுண்ட சிறு துண்டும் புதிய செடியாக வளர்வதால், கையால் அகற்றிய இடத்திலேயே அது மீண்டும் முளைக்கிறது. எனவே வளர்ப்பிடத்தைப் பவளத்திட்டுகளுக்கு அப்பால் அமைப்பது கட்டாயம். மீட்பு என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் இதை மறைப்பது வேதனை தருகிறது.

உரத்தைப் பொறுத்தவரை, புதிய பாசியைப் பிழிந்தெடுக்கும் சாறு பயிருக்கு உதவுவது உண்மையே. பிழிந்த சக்கையிலிருந்து, உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் காராஜீனன் என்ற பொருள் கிடைப்பதால் கடலோரக் குடும்பங்களுக்கும் வருமானம் உண்டு. ஆனால் சாம்பல்சத்து மிகுந்த அச்சாற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. நீரில் கலந்து இலைவழியாகத் தெளிக்கப்படும் அது, தொழுவுரத்துக்கும் பசுந்தாளுரத்துக்கும் துணையாகுமேயன்றி அவற்றின் இடத்தை நிரப்பாது.