தேதியை மட்டும்தான் மாற்றினார்கள்

மார்ச் மாதம் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. தூத்துக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். போன வாரம் உப்பு வியாபாரி ஒருவர் வந்தார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட ஒன்பது நாள் தாமதம், நாளுக்கு 50 ரூபாய் வீதம் 450 ரூபாய். “மகளுக்குப் பேறுகாலம், ஆஸ்பத்திரியிலயே கிடந்துட்டேன். தேதியைக் கொஞ்சம் முன்னால போட்டுவிட முடியாதா தம்பி?” என்றார். “கம்ப்யூட்டர் ஏத்துக்காது அண்ணாச்சி” என்றேன். கட்டிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. தேதியை முன்னால் போட்டுக்கொண்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. ஒன்பது நாள் என்ன, 42 வருஷம்.

கதை 2014 மார்ச்சில் தொடங்குகிறது. காங்கிரசும் பாஜகவும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறிப் பணம் வாங்கியிருக்கின்றன என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது கட்சிகளின் பணக் கணக்கைக் கண்காணிக்கும் ஏடிஆர் அமைப்பும், மத்திய அரசின் முன்னாள் செயலாளர் இ.ஏ.எஸ். சர்மாவும். பணம் கொடுத்த கம்பெனிகளின் பெயரைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், சேசா கோவா. இரண்டும் லண்டனில் இருந்த வேதாந்தாவின் கைக்குள் இருந்தவை. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று உள்துறைக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இரண்டு கட்சிகளும் உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போயின. பார்லிமெண்டில் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும் இருவரும் இங்கே ஒரே வரிசையில் நின்றார்கள். 2016 பட்ஜெட்டோடு வந்த நிதி மசோதாவில், எதெல்லாம் ‘வெளிநாட்டு நிதி ஆதாரம்’ என்பதற்கான விளக்கம் மாறியது. ஒரு துறையில் அனுமதித்த வரம்புக்குள் வெளிநாட்டு முதலீடு இருந்தால் அந்தக் கம்பெனி இனி வெளிநாட்டுக் கம்பெனி ஆகாது. அதுவும் 26 செப்டம்பர் 2010 முதலே அப்படித்தானாம். அந்தத் தைரியத்தில் அப்பீலையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

ஆனால் கணக்கில் ஒரு பிசகு. தீர்ப்பில் இருந்த நன்கொடைகள் 2010க்கு முந்தையவை. அவற்றுக்கு 1976ஆம் வருஷத்துப் பழைய சட்டம் பொருந்தும். எனவே 2018 நிதி மசோதாவில் இன்னொரு திருத்தம். அதை நான் தேடிப் படித்தேன். ஒரே வாக்கியம்தான். 26 செப்டம்பர் 2010 என்று இருக்கும் இடத்தில் 5 ஆகஸ்ட் 1976 என்று போட்டுக்கொள்ளவும், அவ்வளவுதான். அந்த மசோதா மார்ச் 14 அன்று மக்களவையில் கூச்சலுக்கு நடுவே, விவாதமே இல்லாமல், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

அந்த மார்ச்சில் இங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து அ. குமரெட்டியாபுரத்து மக்கள் பிப்ரவரியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நூறாவது நாள் மே 22. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். அந்தப் பழைய நன்கொடையையும் இந்தத் துப்பாக்கியையும் நான் முடிச்சுப் போடவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் ஆட்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு நடந்த அதே வருஷம், டெல்லியில் ஒரு தேதி ஓசையில்லாமல் மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன். மனு எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாம் நிதி மசோதாவில் வாக்கியம் எழுதத் தெரியாது பாருங்கள்.

கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க பேங்கில் விற்ற தேர்தல் பத்திரமும் இதே வாசல் வழியாக வந்ததுதான். 2017 நிதி மசோதா. அதற்கு முன்பு ஒரு கம்பெனி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் எழுதவும் வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கையால் போடுகிற வரி அது. வரம்பும் போனது, கட்சியின் பெயரும் போனது. நட்டத்தில் ஓடுகிற கம்பெனியும் அள்ளிக் கொடுக்கலாம் என்று ஆனது. நட்டத்தில் இருப்பவன் எதற்கு நன்கொடை கொடுப்பான்? எங்கள் ஆபீசில் டீ கொண்டுவரும் பையனுக்குக்கூட விடை தெரியும். மாநிலங்களவையில் சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் ஜெயித்தும்கூட, பண மசோதா என்பதால் மக்களவை அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது.

சூட்கேசில் கறுப்புப் பணம் போவதைவிட பேங்க் வழியாகப் போவது நல்லதுதானே என்று நண்பர் ஒருவர் கேட்பார். நல்லதுதான். ஆனால் பத்திரத்தை விற்றது ஸ்டேட் பேங்க், வாங்கியவரின் அடையாள விவரம், அதாவது கேஒய்சி, முழுக்க அவர்களிடம். தாளில் புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற எண் இருக்கிறது என்பதை 2018இலேயே பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் சோதித்துக் காட்டினார். ரகசியம் நமக்கு மட்டும்தான். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் 101 ரூபாய் கொடுத்தவன் பெயரை மைக்கில் இரண்டு தடவை வாசிக்காவிட்டால் சண்டை வரும். 100 கோடி கொடுத்தவர் பெயரே வேண்டாம் என்கிறார்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. யார் வாங்கினார்கள், யார் எடுத்தார்கள் என்ற விவரத்தைக் கொடுக்க ஜூன் 30 வரை டைம் கேட்ட ஸ்டேட் பேங்க், நீதிமன்றம் அதட்டியதும் சில நாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. பட்டியல் வந்த இரவு போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதாந்தா 400 கோடிக்கு மேல். அரபிந்தோ ஃபார்மா வரிசையில் ஒரு தேதி, 15 நவம்பர் 2022, ஐந்து கோடி. டெல்லி மதுக்கொள்கை வழக்கில் அதன் இயக்குநர் கைதாகி ஐந்தாம் நாள். பணத்தை எடுத்தது பாஜக. அவர் பிறகு அப்ரூவர் ஆனார். இது கொடுக்கல் வாங்கல் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, சிறப்பு விசாரணை கேட்ட மனுவையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தேதிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பாஜக ஆதரவாளர்கள் கோபப்படுவதற்குள் நம் வீட்டுக்கும் வந்துவிடுகிறேன். பட்டியலில் முதலிடம் லாட்டரி மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு. திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்ன கணக்கு அது. பத்திரத்தில் அவர்களுக்கு வந்த மொத்தம் 656 கோடி என்றால், நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து. 2003இலேயே லாட்டரிக்குத் தடை போட்ட மாநிலம் இது. இதைச் சொன்னால் “பாஜக ஆறாயிரம் கோடி வாங்கலையா?” என்கிறார்கள். வாங்கினார்கள், அதைத்தானே இவ்வளவு நேரம் எழுதினேன். மார்க்சிஸ்டுகள் வாங்கவும் இல்லை, வழக்கும் போட்டார்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்கு ஒரு வணக்கம்.

பத்திரம் போய்விட்டது, சரி. 1976 என்று மாற்றிய அந்தத் தேதி இன்னும் சட்டத்தில்தான் இருக்கிறது. நேற்று அண்ணாச்சி மறுபடி வந்தார், 450 ரூபாய் கட்டிய சலான் பிரிண்ட் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். தேதியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.