வாங்க முடியாதவர்களுக்காக ஓடிய ரயில்

1986 டிசம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அகதிகள் விடுதியின் ஓர் அறையில் ஐந்து பேர். பிற்பகல் நான்கரைக்கே இருட்டிவிடும் அந்த நாட்களில், அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம் என்று அப்பா என்னையும் தம்பியையும் கடைத்தெருவுக்கு நடத்திக்கொண்டு போவார். எதையும் வாங்குவதற்கு அல்ல, பார்த்துவிட்டு வருவதற்குத்தான். அப்படி ஒரு மாலையில், பக்கத் தெருவொன்றிலிருந்த சிறிய பொம்மைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மாதிரி ரயில் ஓடுவதை முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை நான் அறிந்த ரயில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ஒன்றுதான்.

கடைக்கு வெளியே சுவரில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் மலைக் குகைக்குள் நின்ற ரயில் புறப்பட்டு, தேவாலயத்தையும் மரம் அறுக்கும் ஆலையையும் சுற்றிக்கொண்டு இரண்டு தடவை வலம் வந்து, மறுபடியும் குகைக்குள் போய் நின்றுவிடும். கடை பூட்டிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தப் பொத்தான் வேலை செய்தது. மலை என்பது காகிதக் கூழ் பூசிய பலகை, புல் என்பது சாயம் ஏற்றிய மரத்தூள் என்று பின்னாளில் தெரிந்தது. அன்றைக்கு அது ஒரு நாடாகவே தெரிந்தது. ஒரு தடவை பெட்டியொன்று தடம் புரண்டது. பின்பக்கத் திரை விலகி, மயிர் அடர்ந்த பெரிய கையொன்று மலைக்கு மேலாக நீண்டு வந்து, பெட்டியை இரண்டு விரலால் தூக்கித் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மறைந்தது. தம்பி பயந்து அப்பாவின் மேலங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பழைய பொம்மைக் கடைகளைப் பற்றிய ஏக்கப் பதிவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை படுகிறது. அவற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வாங்கிக் கொடுக்கப்பட்ட ரயிலைப் பற்றி எழுதுகிறார்கள். கடைக்காரர்கள் எல்லாரும் அன்பே உருவானவர்கள் என்பதும் அந்தப் பதிவுகளின் வழக்கம். எங்கள் கடைக்காரர் அப்படிப்பட்டவர் அல்லர். கையில் காசில்லாத பிள்ளைகள் உள்ளே வந்தால் முகம் சுளிப்பார். ஆனாலும் அவருடைய ஜன்னல் யாரிடமும் காசு கேட்கவில்லை. ஜெர்மனியின் பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றில் அப்போது நாணயம் போட்டால் ஓடும் மாதிரி ரயில்களும் இருந்தன. அங்கே வேறு யாராவது நாணயம் போடும்வரை நானும் தம்பியும் பொறுமையாகக் காத்து நிற்போம்.

இந்த ஜன்னல்கள் கடைக்காரர்களின் தாராள மனத்தால் மட்டும் வந்தவையல்ல; தொழிலே அவற்றைக் கேட்டது. ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோப்பிங்கன் ஊரின் மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் பொம்மை ரயிலைக் காட்டியது. தண்டவாள அகலங்களுக்கு அது வகுத்த அளவுமுறைதான் அதைவிட முக்கியம். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தியதால், அதன் பிறகு ரயில் என்பது ஒரே தடவையில் வாங்கி முடிக்கிற பொருளாக இருக்கவில்லை. இந்த ஆண்டு ஒரு வட்டம், அடுத்த ஆண்டு ஒரு கிளைப்பாதை, அதற்கடுத்த ஆண்டு ஒரு சரக்குப் பெட்டி என்று கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வளரும் பொருளாகிவிட்டது. அப்படி வளர்ந்து முடிந்தால் எப்படியிருக்கும் என்பதை யாராவது காட்டியாக வேண்டுமல்லவா? அந்த வேலையைத்தான் ஜன்னல் செய்தது. 1935இல் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டராகச் சிறுத்த பிறகு, ஒரு முழு மலைக் கிராமமே மேசையளவு இடத்தில் அடங்கியது.

காலையிலிருந்து இரவுவரை அந்த ரயில் களைக்காமல் ஓடியதற்கு ஒரு நுட்பமும் காரணம். மெர்க்லின் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகளில் சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். எஞ்சினின் வயிற்றுக்கடியில் உள்ள சறுக்குத் தகடு அவற்றை உரசியபடியே மாறுதிசை மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். சறுக்குத் தகடு குமிழ்களைத் தானே தேய்த்துத் துடைத்துக்கொண்டு போவதால், தூசி படிந்தாலும் எளிதில் நின்றுவிடாது. பின்னோக்கி ஓட்ட வேண்டுமென்றால் மின்மாற்றியின் சிவப்புக் குமிழைப் பூச்சியத்துக்கும் இடப்பக்கமாக ஒரு கணம் திருப்ப வேண்டும். எஞ்சினுக்குள் இருக்கும் சிறு நெம்புகோல் ‘டக்’கென்று மாறிக்கொள்ளும். அதன் கம்பிச்சுருள் (ஸ்பிரிங்) சரியான விறைப்பில் இல்லாவிட்டால் எஞ்சின் திரும்புவதற்குப் பதில் ஆட்டுக்கடாவைப் போல முன்னே பாய்ந்துவிடும். ஜெர்மானியர்களும் அதைக் கடாப் பாய்ச்சல் என்றுதான் சொல்கிறார்கள்.

2009 பிப்ரவரியில், தன் 150ஆவது ஆண்டிலேயே, மெர்க்லின் திவால் மனுக் கொடுத்தது. பிள்ளைகள் கணினிக்குப் போய்விட்டார்கள் என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்னரே நிறுவனம் நிறுவனர் குடும்பங்களின் கையிலிருந்து முதலீட்டாளர்களின் கைக்குப் போயிருந்தது. அதற்கும் முன்பே, மாதிரி ரயில் தொழில் முழுவதும் சம்பாதிக்கிற ஐம்பது வயதுக்காரர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தது. இன்றைய எஞ்சின்கள் முன்னைவிட மிக அழகானவை, ஒலியெழுப்புகின்றன, புகை விடுகின்றன. விலை மட்டும் ஒரு சிறுவனின் உண்டியலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2013இல் பொம்மை தயாரிக்கும் சிம்பா-டிக்கி குழுமத்தின் உரிமையாளர் குடும்பம் வாங்கியதால் நிறுவனம் பிழைத்துக்கொண்டது. தெருவோர ஜன்னல்களை அப்படி எடுத்து நிறுத்த ஆளில்லை. இணையத்தில் எஞ்சினை வாங்கலாம்தான். ஆனால் ஒன்றை ஆசைப்படுவதற்கு முன் அது இருக்கிறதென்று தெரிய வேண்டும், அதை எனக்குத் தெரிவித்தது அந்தச் சுவரின் பொத்தான்.

ஹம்பர்க்கில் உள்ள பெரிய மாதிரி ரயில் காட்சியகமான மினியாட்டூர் வுண்டர்லாண்டைக் காட்டிச் சிலர் ஆறுதல் சொல்வார்கள். 2001இல் திறக்கப்பட்ட அதற்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். நானும் போயிருக்கிறேன், வாய் பிளந்து நின்றேன். அதைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவருக்கு, 2000ஆம் ஆண்டு சூரிச்சில் ஒரு மாதிரி ரயில் கடைக்குள் நுழைந்தபோதுதான் அந்த எண்ணமே உதித்ததாம். ஆக, அத்தனை பெரிய காட்சிக்கும் வித்து ஒரு கடைதான். ஆனால் அங்கே நுழைவுச் சீட்டு உண்டு. 1986இல் அப்பாவின் சட்டைப்பையில் ஐந்து பேருக்கான நுழைவுச் சீட்டுக்குப் பணம் இருந்திருக்காது.

எங்கள் தெருக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். பொத்தான் இருந்த இடத்தில் சிமெண்டு பூசிய வட்டம் ஒன்று மட்டும் சுவரில் இருக்கிறது. போன ஆண்டு பழஞ்சாமான் சந்தையொன்றில் நீல நிற மின்மாற்றியோடு ஒரு பழைய மெர்க்லின் எஞ்சினையும் ஒரு வட்டத் தண்டவாளத்தையும் வாங்கினேன். எங்கள் வீடு தரைத்தளத்தில் இருப்பதால், தெருவைப் பார்த்த ஜன்னல் திண்டில் அதைப் பொருத்தி, வெளியிலிருந்து கண்ணாடியில் கை வைத்தால் உணரும் ஒரு சிறு தகட்டையும் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எதிர்வீட்டுச் சிரியக் குடும்பத்தின் சிறுமி பள்ளி விட்டு வரும்போது நாள் தவறாமல் உள்ளங்கையை அந்த இடத்தில் வைக்கிறாள். எஞ்சின் பத்துத் தடவையில் மூன்று தடவை கடாப் பாய்ச்சல் பாய்ந்து தடம் புரண்டுவிடுகிறது. முன்பு இந்தக் கம்பிச்சுருளைக் கடைக்காரரே பின்னறையில் மாற்றிக் கொடுத்துவிடுவார். நான் தபாலில் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை திரையை விலக்கிக் கையை நீட்டி நானே தூக்கி வைக்கிறேன். அவள் பயப்படுவதில்லை, சத்தமாகச் சிரிக்கிறாள்.