அப்பா ஏன் மூன்று நாள் சொல்லவில்லை?

போன நவம்பரில் அப்பா ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று. 2014இல் அதை ஆதார் விரல்ரேகை வைத்து எடுக்கும் ஜீவன் பிரமாண் வந்ததிலிருந்து வருடா வருடம் அந்த விரல்ரேகை மெஷினோடு அவருக்குச் சண்டைதான். வயதானால் ரேகை தேய்ந்துவிடுகிறது, ஈரத்துணியில் துடைத்து, வேட்டியில் தேய்த்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் எடுக்காது. 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்தது. அதைக் கேள்விப்பட்டு, அதற்கான இரண்டு ஆப்பையும் இறக்கி, தானே கற்றுக்கொண்டார். இப்போது தெருவில் நான்கு பேருக்கு அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். எதிர்வீட்டு மாமியிடம் “சிமிட்டச் சொன்னா சிமிட்டணும், தூங்கக் கூடாது” என்று அதட்டல் வேறு.

இந்த மனிதரைத்தான் ஃபேமிலி குரூப்பில் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான். தாமரைப்பூ போட்ட குட்மார்னிங், குக்கர் விசிலோடு வரும் வாய்ஸ் மெசேஜ், வீடியோ காலில் நெற்றி மட்டும் தெரிவது... தம்பி பையன் அந்த நெற்றியை ஸ்டிக்கராகவே செய்துவிட்டான்.

அப்புறம் ஒருநாள் அவருக்கு ஒரு மெசேஜ். கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பைத் துண்டிப்போம், இந்த நம்பருக்குப் பேசவும். பில் கட்டியாகிவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனையில் ரொம்ப மரியாதையான குரல், “சிஸ்டத்துல அப்டேட் ஆகல சார்” என்று ஒரு ஆப்பை இறக்கச் சொன்னது. இவர் போனில் என்ன தட்டினாலும் அங்கே தெரியும் ஆப் அது. “10 ரூபா மட்டும் கட்டிப் பாருங்க” என்றதும் பின் நம்பரைத் தட்டினார். 18,000 போனது.

எங்களிடம் மூன்றாம் நாள்தான் சொன்னார். சைபர் மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 நம்பருக்கு உடனே கூப்பிட்டிருந்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்து என்ன மிச்சம் இருக்கும்? ஏன்பா உடனே சொல்லவில்லை என்று கேட்டால், “எல்லாரும் சிரிப்பீங்கடா” என்றார்.

ஏமாற்றியவன் மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். அப்பா ஏதாவது கேட்டால் “குடுங்க, நானே பண்றேன்” என்று போனைப் பிடுங்கி, நாலு தட்டு தட்டித் திருப்பிக் கொடுப்பேன், அதற்குப் பெயர் சொல்லிக்கொடுப்பதாம். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, “பச்சை பட்டனுக்குக் கீழே அம்புக்குறி” என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருப்பார். ஆப் அப்டேட் ஆனால் அம்புக்குறி வேறு மூலைக்குப் போய்விடும், நோட்டோடு நிற்பார். நாம் அதை மறதி என்போம். அவர் எங்கே மறந்தார், இடத்தை மாற்றியது யாரோ ஒரு இருபத்தைந்து வயதுக்காரன்!

ஸ்டிக்கரை அழித்தாயிற்று. நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது 1930 என்று பெரிதாக எழுதியிருக்கிறார்.

போன வாரம் மதியம் அம்மா நம்பரிலிருந்து கூப்பிட்டார். “டேய், என் போன்ல போலீஸ் டிரஸ் போட்டுட்டு ஒருத்தன், டிஜிட்டல் அரெஸ்ட்ங்கறான். அப்படி ஒண்ணு சட்டத்துலயே கிடையாதுல்ல?”

கிடையாதுப்பா, கட் பண்ணுங்க என்றேன்.

“இரு, எதிர்வீட்டு மாமிக்குக் காட்டிட்டு வைக்கிறேன்.”