ரெபெக்காளின் மூக்குத்தி

கிறிஸ்தவப் பெண்களுக்குப் பின்னலும் நகையும் பாவம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதற்குக் கட்டுரையாளர் பைபிளின் 1 பேதுரு 3:3-ஐக் காட்டுகிறார்: மயிரைப் பின்னுவது, பொன் அணிவது, உடை உடுத்துவது ஆகிய புற அலங்காரம் உங்கள் அலங்காரமாக இருக்கவேண்டாம் என்கிற வசனம். நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'உயர்ந்த வஸ்திரங்கள்' என்றிருக்கிறது. கிரேக்கத்தில் 'உயர்ந்த' கிடையாது, வெறுமனே உடை உடுத்துவதுதான். அதை அப்படியே தடை என்று எடுத்தால் சேலையையும் அல்லவா விடவேண்டிவரும்!

ஆதியாகமம் 24-ஐயும் பாருங்கள். எஜமானின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரன், மணப்பெண்ணாகக் கண்ட ரெபெக்காளுக்குத் தந்தது அரைச்சேக்கல் எடையுள்ள பொன் வளையம். நாம் 'காதணி' என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் 47-ஆம் வசனம் மூக்கில் போட்டேன் என்கிறது. சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். ஐந்தரை கிராமில் மூக்குத்தி! கைக்குப் பத்துச்சேக்கல் கடகங்கள் வேறு. அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை.

என் அத்தை ஞானஸ்நானத்தன்று கழற்றிய மூக்குத்தி இன்னும் அஞ்சறைப்பெட்டியில், கடுகுக்கு அடியில் கிடக்கிறது.