கடிதம் வாங்கியவர் வீட்டில் இருக்கிறது

ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது. வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும். சாதாரண விஷயம்தான். ஆனால் ஒரு பெரியவர் தவறிப்போனதும் நாம் முதலில் மறப்பது இதைத்தான்.

இப்படி யோசிக்க வைத்தவர் பியாட்ரிஸ் வார்டு. 1900ல் நியூயார்க்கில் பிறந்த அச்செழுத்து ஆய்வாளர். 1926ல் பால் போஜோன் என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்து வெட்டுநர் காரமோன் வெட்டிய எழுத்து என்று பாரிஸ் அரசு அச்சகம் பெருமையாக வைத்திருந்தது, உண்மையில் 17ஆம் நூற்றாண்டில் ழானோன் என்பவர் வெட்டியது என்று அதில் காட்டினார். அந்த 'போஜோன்' ஐயாவுக்கு அச்சுக் கோக்கும் இயந்திரமும் எழுத்தும் செய்யும் லண்டன் மோனோடைப் கம்பெனி வேலை கொடுத்தது. வந்து நின்றதோ ஒரு பெண்! அச்செழுத்து கண் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, படிப்பவருக்குச் சொல்லப்படும் விஷயம் மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. அப்படிச் சொன்னவர் தன்னை மறைக்காமல் பேசியது அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியவை. 1941ல் புத்தகமாகவே வந்தன. அமெரிக்காவில் இருந்த அம்மா நூல் விமர்சகர். காகிதத்தின் அருமை தெரிந்தவர், எடுத்து வைத்திருந்தார்.

நம் கதையும் அதுதான். தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்து அளவில் பெரிது. காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தாக வார்த்து 1715ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். இதையெல்லாம் அங்கிருந்த ஜெர்மன் பாதிரிமார் ஊருக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதியது தரங்கம்பாடியில், இன்று இருப்பது ஹாலேயில்.

சரி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வருவோம். எங்கள் டவுனில் ஈய எழுத்துக் காலத்திலிருந்து அச்சுக் கோத்த பெரியவர் ஒருவர் அண்மையில் தவறிவிட்டார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சுற்றுவட்டாரத் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கைபட்டவை. கருமக்கிரியை முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்தார்கள். கோயிலில் போட்ட பொன்னாடைகள் அலமாரியில் பத்திரம். கடிதப் பெட்டி மட்டும் பழைய பேப்பர் லோரிக்கு. மகளிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

முழுக்க முசிறியிலிருந்து அவர் அண்ணன் எழுதியவை. ஒரு நீல ஏரோகிராமில், தம்பி கேட்ட, துதிக்கை போல வளைந்த பழைய 'லை' எழுத்தை மதராஸில் விசாரித்ததாகவும், கிலோ கணக்கில்தான் தருவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கீழேயே பசு கன்று போட்ட செய்தி. ஓரத்தில் திருப்பி எழுதிய வரி, பழைய கடனைப் பற்றி. சரி, தம்பி என்ன கேட்டார்? பழைய 'லை'க்கு ஏன் அவ்வளவு தட்டுப்பாடு, எந்த முதலாளி எந்த நோட்டீஸுக்கு அவசரப்படுத்தினார்? அதெல்லாம் முசிறியில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில். மலேசியத் தமிழ் அச்சு வரலாற்றில் பாதி காவிரிக் கரையில் கிடக்கிறது என்றால் சிரிக்காதீர்கள்.

'குடும்ப விஷயம் வெளியே போகலாமா' என்பார்கள். முப்பது வருடம் பூட்டி வையுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் 'அசிங்கத்தை' மட்டும் பொறுக்கி எரிப்பதை ஏற்க முடியாது. கில் சான்ஸ் என்ற ஆங்கில அச்செழுத்தை வரைந்த எரிக் கில் தன் மகள்களுக்கு இழைத்த கொடுமை 1989ல் ஊருக்குத் தெரிந்தது அவருடைய நாட்குறிப்புகளால்தான். யாராவது 'சுத்தம்' செய்திருந்தால் அவர் இன்றும் மகான்.

கோலாலம்பூர் அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம், தனியார் ஆவணங்களையும் வாங்கி வைக்கிறது. அமைச்சராக இருந்தவர் காகிதம்தான் வேண்டும் என்பதெல்லாம் நம் கூச்சம்.

முசிறி, துறையூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு: மலேயா தபால்தலை ஒட்டிய உறை ஏதாவது பரணில் இருந்தால் எடைக்குப் போட வேண்டாம். உறையும் முத்திரையும் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். உள்ளே இருப்பதை மறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.