மினாமி தைத்தோவை விட்டுவிட்டீர்களே!

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவுகளைப் பற்றிய உங்கள் கட்டுரை, ஒகினாவா என்றால் வெள்ளை மணலும் நீலக் கடலும்தான் என்பதுபோல் போகிறது. ஒகினாவா பெருந்தீவுக்குக் கிழக்கே சுமார் 360 கி.மீ. தள்ளிக் கிடக்கும் மினாமி தைத்தோ தீவில் அந்த மணல்கரையே கிடையாது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. கப்பல் ஒட்டி நிற்க வழியில்லாததால் ஆட்களைக்கூட கூண்டில் ஏற்றி கிரேனில்தான் இறக்குவார்கள்.

1900 வரை அங்கே குடியிருப்பே இல்லை. தமாஓகி ஹான்எமோன் என்பவர் டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் ஹச்சிஜோ தீவிலிருந்து ஆட்களை அனுப்பி, காட்டைத் திருத்திக் கரும்பு போட்டார். முப்பது வருஷம் உழைத்தால் நிலம் உங்களுக்கே என்பது பேச்சு. ஆனால் நடுவிலேயே தீவு ஒரு சர்க்கரைக் கம்பெனி கைக்குப் போனது. அப்புறம் பள்ளிக்கூடம், கடை எல்லாமே கம்பெனியுடையது. புழங்கிய பணம்கூட ஒரு காலத்தில் கம்பெனி அச்சடித்த சீட்டுதான்! விவசாயிகளுக்கு நிலம் சொந்தமானது 1964-இல், அதுவும் போருக்குப் பின் ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தபோது. என்னைக் கேட்டால், கட்டுரையில் வரும் அரண்மனைக் கதைகளைவிட இதுதான் சொல்ல வேண்டிய வரலாறு.

கரும்பு ஏற்றிய குட்டி ரயில் 1983-இல் நின்றுவிட்டது. கலாசாரம் மட்டும் இன்னும் இரட்டைதான். ஹச்சிஜோக்காரர்களோடு கூலி வேலைக்கு வந்த ஒகினாவாக்காரர்களும் கலந்ததால், கோயில் திருவிழாவில் ஜப்பானிய சுமோவும் நடக்கும், ஒகினாவா பாணி மல்யுத்தமும் நடக்கும். சாப்பாட்டில் சோயாவில் ஊறவைத்த மீனை வைத்துச் செய்யும் தைத்தோ சுஷி, ஹச்சிஜோவிலிருந்து வந்தது.